பேறுகாலத்துக்கு ஒரு பாயிண்ட் சீட்

அம்மாவின் கடைசி ஆஸ்பத்திரி பில்லுக்குக் கிடைத்த பாயிண்டில்தான் நாங்கள் பாலித் தீவுக்குப் போனோம்.

இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டால் போதும், மற்றதை எழுத வேண்டியிருக்காது என்று பல நாள் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தேன். போதவில்லை.

பில் கட்டும் ஜன்னலில் நானும் தங்கையும் நின்றுகொண்டிருந்தோம். இருவர் கையிலும் பணம் இருந்தது. அவள் அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்த்துச் சேர்த்துக் கொண்டுவந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்தது. எங்களுக்கு நடுவே என் கணவரின் கை நீண்டது. "காச எங்கிட்ட தாங்க ரெண்டு பேரும். நான் கார்டுல தேய்க்கேன்." தேய்த்தார். மெஷின் ஒரு துண்டுத் தாளைத் துப்பியது. உள்ளே அம்மாவை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தத் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை மெல்லத் தட்டிக்கொண்டார். தூங்கும் குழந்தையின் முதுகைத் தட்டுவார்களே, அப்படி.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறைப் படத்தைப் பார்த்தேன்.

என் கணவரை ஊரில் தங்கமான மனிதர் என்பார்கள். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிந்துவதில்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் வேலையை நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தபடி பார்க்கிறார். அவருக்கு உள்ள ஒரே ஆசை, ஐம்பது வயதில் அந்த வேலையை விடுவது. அதற்கு ஒரு தொகை சேர வேண்டும். அந்தத் தொகைக்கு அவர் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'நம்பர்'. பெண் பார்க்க வந்த அன்று என் பெயரைக்கூட அவர் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு ஈரமாகச் சொன்னதில்லை. நம்பர் வந்துவிட்டால் போதுமாம். அதன் பிறகு வாழ்வாராம். அதுவரை செய்துகொண்டிருப்பதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டதில்லை.

நான் தோவாளைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்னால் பூச்சாக்குகள் ஏறியிருக்கும். பிச்சி, கேந்தி, அரளி, துளசி. ஈரச் சாக்கின் மணம் கண்டக்டரின் விரலில் ஏறி, டிக்கெட்டில் ஒட்டி, என் கைக்கு வரும். இறங்குமிடத்தில் ஒரு முழம் பிச்சி வாங்குவேன். தினமும் இல்லை. மனசு சரியில்லாத அன்றும், மிகவும் சரியாக இருக்கும் அன்றும்.

ஒரு மாலை அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நான் இத்தனை வருடம் வாங்கிய பூவின் பணத்தை வாங்காமல் ஃபண்டில் போட்டிருந்தால் இன்று அது எவ்வளவாக வளர்ந்திருக்கும் என்று ஒரு பச்சைக் கோடு மலைபோல ஏறிப் போயிற்று. "பாத்தியா? ஆறு மாச ஓய்வு உன் கொண்டையில வாடிப் போயிருக்கு." அதைக் கவிதை என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ. அதற்குப் பிறகு நான் பூ வாங்கவில்லை. கோபத்தில் நிறுத்தியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. அந்தப் பச்சைக் கோடு எனக்கும் பிடித்திருந்தது.

சேமிப்பு அவருக்கு ஒரு கை என்றால் பாயிண்ட் மறு கை. கார்டில் செலவு செய்தால் பாயிண்ட் விழும். பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட். ஆனால் இவர் செலவு செய்கிற ஆள் இல்லையே. ஆகவே மற்றவர்களின் செலவைத் தேடிப் போனார். சொந்தத்தில் யார் என்ன வாங்கினாலும் பணத்தை இவர் கையில் கொடுக்க வேண்டும், இவர் கார்டைத் தேய்ப்பார். கல்யாண நகை எடுக்கப் போகும் கூட்டத்தில் பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன், அப்புறம் இவர். யார் பல் கட்டப் போகிறார்கள், எந்த வீட்டு ஃபிரிட்ஜ் மூச்சு வாங்குகிறது, எல்லாம் விரல் நுனியில். ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமா ஒருவர் நாலு இலை கேட்கச் சொன்னார்:

"மருமவனே, நாளைக்கு நான் மண்டையப் போட்டா பெட்டிக்கும் நீதான் தேய்க்கணும், கேட்டியா?"

பந்தி சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. பப்படத்தை நொறுக்கியபடி யோசித்தார். "பெட்டி அடிக்க எடத்துல மெஷின் உண்டுமா மாமா?"

இப்படி ஐந்து தேசம் பார்த்தோம். பார்த்தோம் என்பது பெரிய சொல். எந்த மாதத்தில் யாரும் ஒரு ஊருக்குப் போகமாட்டார்களோ அந்த மாதத்தில் அந்த ஊருக்குப் போனோம். ஓட்டலின் இலவசக் காலைச் சாப்பாட்டிலிருந்து மதியத்துக்கான அவித்த முட்டைகள் என் கைப்பைக்குள் வந்தன. ஊர் திரும்பிப் பல நாள் கழித்தும், விடைத்தாள் எடுக்கப் பையைத் திறந்தால் ஆசிரியர் அறையில் முட்டை வாடை வீசும்.

பாலியில் ஒரு மாலை கடற்கரைக்குப் போகலாம் என்றேன். டாக்ஸிக்காரர் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு அவர் என்னை ஓட்டலின் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில், துணி காயும் கயிற்றுக்கு அப்பால், பித்தளை வளையலின் விளிம்பு போல ஒரு கடல் மின்னிக்கொண்டு கிடந்தது. அம்மாவின் கடைசி மூச்சுகளைத் தேய்த்து வாங்கிய கடல். எங்கள் ஊர்ப் பக்கத்து முட்டத்துப் பாறையில் ஏறி நின்றால் இதைவிடப் பெரிய கடல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும், பஸ் காசோடு முடிந்துவிடும். "கொள்ளாம் இல்லியா?" என்று, நன்றாக இருக்கிறதல்லவா என்ற முகத்தோடு கேட்டார். "கொள்ளாம்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் வந்து என்ன சொன்னேன்? "டிக்கெட்டுக்கு ஒத்தப் பைசா செலவில்ல டீச்சர்." சொல்லும்போது என் கழுத்து ஒரு அங்குலம் நீண்டிருக்கும். அவரை மட்டும் இகழ்ந்துவிட்டுப் போனால் இந்த எழுத்தும் ஓர் இலவசப் பயணம்தான்.

தங்கைக்கு நாற்பத்தொரு வயதில் வயிற்றில் தங்கியது. பதினோரு வருடக் காத்திருப்பு. அவள் கணவர் கப்பலில் எஞ்சினியர். ஒப்பந்தம் முடிந்து அவர் கரை இறங்க, பிள்ளை பிறந்து மூன்று வாரமாவது ஆகும். எங்கள் பக்கத்தில் தலைப்பேறு தாய்வீட்டின் பொறுப்பு. பெண்ணை அழைத்துவந்து, பெற்றெடுக்க வைத்து, நாற்பது நாள் மருந்தும் வெந்நீரும் கொடுத்துத் தேற்றி அனுப்புவார்கள். இவள் விமானம் ஏறக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவும் இல்லை.

போனில் கேட்டாள். "அக்கா, நீ வருவியா?"

"இதென்ன கேள்வி? நானாக்கும் இனி உனக்குத் தாய்வீடு."

"தாய்வீடு எப்பளாக்கும் பிளைட் ஏறும்?"

"பன்னிரண்டாம் தேதி அங்க நிப்பேன், பாரு."

டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதி பதினெட்டு.  போனில் கெட்டில் கொதித்து அடங்கும் சத்தம் கேட்டது.

"பிரசவ வார்டுல எத்தனையோ பேரு கையப் பிடிச்சுட்டு நின்னாச்சுக்கா. வலி வாறப்ப நகத்த வச்சுக் கீறுவாளுவ. என் கையெல்லாம் கோடாக்கும். எனக்கு அண்ணைக்குக் கீறதுக்கு ஒரு கை வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"கீறு. ரெண்டு கையும் தாறேன்."

அன்று மாலையே அவர் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார். முகத்தில் அந்த ஒளி. சபையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்களுக்கு வருமே, அது.

"பன்னிரண்டுக்குப் பாயிண்ட் சீட் இல்லட்டி. பத்தொம்பதுக்குத்தான் இருக்கு. ரெண்டு சீட்டு."

"ரெண்டா? நீங்களும் வாறீங்களா?"

"பாயிண்ட் வருசக் கடைசில காலாவதி ஆயிரும்லா. விடலாமா?"

"டாக்டர் சொன்ன தேதி பதினெட்டு."

"தலைப்பிள்ள பிந்தித்தான் வரும். நாலு நாளாவது பிந்தும். நீ யாருட்ட வேணும்னாலும் கேளு."

"பன்னிரண்டுக்கு டிக்கெட்டே கிடையாதா?"

"காசு குடுத்தா உண்டு." அவர் மூக்கு சுருங்கியது. "காசு குடுத்தா எல்லாந்தான் உண்டு."

ஏதோ செய்யக் கூடாத செயலைக் குறிப்பிடுவது போல அந்தக் 'காசு குடுத்தா'வைச் சொன்னார். பிறக்காத பிள்ளையைச் சோம்பேறி என்று நம்பிப் பந்தயம் கட்டும் ஒரு மனிதனோடு நான் இருபத்திரண்டு வருடமாக ஒரே குழம்பு சாப்பிடுகிறேன் என்று அன்றுதான் தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. என் சம்பளம் ஒன்றாம் தேதி வரும், மூன்றாம் தேதி தானாகவே அவருடைய திட்டத்துக்குள் போய்விடும்; நடுவில் இரண்டு நாள் என் பேரில் இருக்கும். அந்த இரண்டு நாளில் ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நாலு நாள் பிந்தினால் இலவசமாகவே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று என் மனமும் கணக்குப் போட்டது. தங்கையிடம் சொன்னேன்: "பத்தொம்பதுல இருந்துதான் லீவு கிடைச்சிருக்கு மக்கா." அவள் "சரிக்கா" என்றாள். அவள் ஒரு சொல்லும் கூடச் சொல்லாததை நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி வந்தது. மழை பெய்தது. நான் எட்டாம் வகுப்புக்கு வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தேன். பதினைந்தாம் தேதியும் மழை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போகும் முன் அவளைக் கூப்பிட்டு "வலி உண்டா?" என்று கேட்டேன். அவள் இல்லை என்றால் எனக்கு நிம்மதி. ஒரு பிள்ளை உள்ளேயே இருக்க வேண்டும் என்று தாய்வீடு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது. வயலும் வானமும் ஒன்றையொன்று குடித்துக்கொண்டிருந்த அந்த வாரம் முழுவதும் நான் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்து, 'இன்னும் வேண்டாம், இன்னும் வேண்டாம்' என்று முணுமுணுத்தேன். எவ்வளவு மலிவான ஜெபம்.

பதினாறாம் தேதி நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பேறுகால மருந்துக்கு என்றதும் கடைக்காரர் கேட்காமலே எடுத்து வைத்தார்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை.

"மகளுக்கா?"

"தங்கச்சிக்கு. அயர்லாந்துல இருக்கா."

"அங்க குளிராக்கும். சுக்கு ஒரு பிடி கூட்டிப் போடுங்க."

இடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு நல்லெண்ணெய் விட்டு இரண்டு மணி நேரம் கிண்டினேன். அம்மா மருந்து கிண்டிய அதே உருளி. தோள்பட்டை கழன்றது. கறுத்து, உருண்டு, கரண்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும் பதம் வந்தபோது என் மேல் எனக்கு இருந்த வெறுப்பு கொஞ்சம் இறங்கியது. பெரிய எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். அதோடு நாலு கிலோ கருப்பட்டி, நல்லெண்ணெய், பிள்ளைக்கு வசம்பு, அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் இரண்டு.

பெட்டியை மூடப் போனபோது அவர் கையில் தொங்கு தராசோடு வந்தார்.

"ஏட்டி, இது செக்-இன் இல்லாத சீட்டாக்கும். கையில ஏழு கிலோ, அவ்வளவுதான்."

"எப்ப சொல்லுதீங்க இத?"

"அதுக்குத்தானட்டி பிளைட்டுக்காரன் பாயிண்ட் கொறச்சு எடுத்தான்."

கருப்பட்டியும் எண்ணெயும் வெளியே போயின. சேலையில் ஒன்று போயிற்று. மருந்து டப்பாவை மட்டும் நான் விடவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் பஸ்ஸில்தான் போனோம், அது சொல்லாமலே தெரியும். சோதனையில் நின்ற பெண் என் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். மலையாளி. தன் அம்மாவும் இதைக் கிண்டுவாள் என்று முகம் மலர்ந்துவிட்டது. "பிரசவ மருந்நல்லே சேச்சி? எண்டெ அம்மையும் உண்டாக்கும்." பிறகு மலர்ச்சி போய், தன் வேலை திரும்பி வந்தது. இளகிய பண்டம் எதுவும் கையில் கொண்டுபோகக் கூடாது, கவுண்டருக்குத் திரும்பிப் போய்ப் பணம் கட்டி லக்கேஜில் போடுங்கள், நேரம் இருக்கிறது என்றாள். அவள் சொன்னதுதான் சட்டம். அவள் மேல் ஒரு குறையும் இல்லை.

அவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். வரும்போதே உதடு அசைந்துகொண்டிருந்தது, பெருக்கலோ வகுத்தலோ. "அந்தக் காசுக்கு அங்க ஆன்லைன்ல பத்து டப்பா வாங்கலாம். சவத்த விடு."

என் கைப்பையிலும் ஒரு கார்டு இருந்தது. அவர் கார்டின் குட்டி. கவுண்டர் அறுபது தப்படித் தூரம் இருக்கும். பின்னால் நின்ற ஆள் பொறுமை இழந்து தொண்டையைக் கனைத்தார். வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். டப்பா ஒரு நீலத் தொட்டிக்குள் விழுந்த சத்தம் தண்ணீர்ப் பாட்டில்களின் மேல் விழுந்ததால் மெத்தென்று இருந்தது.

வளைகுடா நகரம் ஒன்றில் காலையில் இறங்கினோம். அடுத்த விமானத்துக்குப் பதினாறு மணி நேரம். இடையில் இவ்வளவு நேரம் காத்திருக்கச் சம்மதித்தால் பாயிண்ட் குறையுமாம். கார்டைக் காட்டினால் உள்ளே விடும் லவுஞ்ச் ஒன்று உண்டு. சோறு, கேக், காப்பி, சாய்வு நாற்காலி எல்லாம் இலவசம். கனத்த கம்பளம். சத்தமே இல்லாத மனிதர்கள். ஒவ்வொருவரும் தட்டில் மலை எழுப்பி, அதில் பாதியை விட்டுவிட்டு எழுந்து போனார்கள். வாழ்க்கையில் எதற்கும் முழு விலை கொடுக்காதவர்களின் ஆலயம் அது. என் கணவர் அங்கே வீட்டில் இருப்பது போல நடமாடினார். மூன்றாவது தட்டுக் கேக்கைப் படமெடுத்தார். யாருக்கோ அனுப்பினார். நான் கேட்கவில்லை.

மதியம் போன் அடித்தது. தங்கை.

"அக்கா... எங்க நிக்க?"

"வழியில மக்கா. வந்துட்டே இருக்கேன். என்னாச்சு?"

"வலி காலையிலயே... நீ எங்க..."

பிறகு சொல் இல்லை. நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல், அவள் அடிவயிற்றிலிருந்து, ஏழு கடலைத் தாண்டி வந்து அந்தக் கம்பளத்தில் விழுந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இயர்போனை இன்னும் அழுத்திக்கொண்டார். போன் எதிலோ மோதியது. அப்புறம் வேறு பெண்ணின் குரல், அவளோடு வேலை செய்யும் கோட்டயத்துக்காரி: "சேச்சி, பேடிக்கண்டா. ஞான் உண்டு. கை ஞான் பிடிச்சிட்டுண்டு."

பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன், கையை நான் பிடித்திருக்கிறேன்.

போன் நின்றது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். கண்ணாடிக்கு அப்பால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, காசு கொடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு, வெயிலில் கரைந்துகொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. பெண் பிள்ளை. நெற்றி அம்மாவுடையது.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மீசையில் கிரீம்.

"பாத்தியா, ஒரு நாள் பிந்திச்சுல்லா? நான் சொன்னேம்லா, பிந்தும்ணு."

அந்த மனிதனை அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அழவும் தோன்றவில்லை. சுத்தமான, உப்பில்லாத, வடிகட்டிய ஒரு இகழ்ச்சி உள்ளே இறங்கியது. அது அவரை நனைத்துவிட்டு அங்கேயே நிற்கவில்லை. என் கால்வரை வந்தது.

மறுநாள் போய்ச் சேர்ந்தபோது வார்டில் தங்கை சாய்ந்திருந்தாள். கோட்டயத்துக்காரி பிள்ளையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நகக் கோடுகள். ஆறோ ஏழோ. சில இடத்தில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மக்கா" என்றேன். 

தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அங்க சாப்பாடு கொள்ளாமா அக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது தட்டுக் கேக். கீழே என் கணவரின் எழுத்து: 'டிக்கெட் ஜீரோ, சாப்பாடு ஜீரோ. பத்தொன்பது வரை காத்திருந்ததற்குப் பலன். பொறுமைதான் முதலீடு!' மாமா ஒருவர் அதற்குக் கைதட்டல் போட்டிருந்தார்.

"லீவு கிடைக்கலேண்ணு சொன்ன."

"சொன்னேன்."

"காசு இல்லேண்ணு சொல்லிருந்தா நானே எடுத்து அனுப்பிருப்பேன்லா?"

"காசு இருந்துது மக்கா." அதைச் சொன்னதுதான் அந்த மாதத்தில் நான் செய்த ஒரே நேர்மையான காரியம். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். இந்தியக் கடை ஒன்றில் சுக்குப்பொடியும் மிளகும் கிடைத்தன. திப்பிலி இல்லை, கருப்பட்டி இல்லை. நாட்டுச் சர்க்கரை போல ஏதோ ஒன்றைப் போட்டு, ஒட்டாத சட்டியில் கிண்டினேன். அவள் ஒரு உருண்டையை வாயில் போட்டு முகம் சுளித்தாள். "அம்மை கிண்டுனது மாதிரி இல்ல."

"இல்லதான். தின்னு."

தின்றாள். வெந்நீர் ஊற்றினேன். வயிற்றில் அம்மாவின் சேலையைச் சுற்றிக் கட்டினேன். அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். என் கணவர் இலவச மியூசியம் நாலைப் பார்த்துவிட்டு வந்தார். வீடு சூடாக்கும் மெஷினை யாரும் பார்க்காதபோது இரண்டு டிகிரி குறைத்தார். "பிள்ளைக்கு வண்டி வாங்கியாச்சா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் தேய்ச்சிருப்பேன்லா" என்று தங்கையிடம் வருத்தப்பட்டார்.

பதினான்காம் நாள் திரும்பும் சீட். அவர் இரண்டு பைகளையும் எடை பார்த்து வாசலில் வைத்தார். நான் என் பையைத் தூக்கி உள்ளே கொண்டு போனேன்.

"என்னட்டி?"

"நாற்பது நாள் கழிஞ்சுதான் வருவேன். பள்ளிக்கூடத்துல சொல்லியாச்சு. சம்பளம் இல்லாத லீவு."

"ரிட்டன் சீட்டு போயிரும்! பாயிண்டத் திருப்பித் தர மாட்டான்!"

"போனாப் போட்டு."

"போட்டா?" அவர் குரல் உடைந்தது. அம்மாவைக் குழியில் இறக்கியபோது உடையாத குரல். "பொறவு எப்பிடி ஊருக்கு வருவ?"

"காசு குடுத்து."

அவர் போனார். அன்று மதியம் விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டார். லவுஞ்சில் இருந்திருக்க வேண்டும், பின்னால் தட்டுச் சத்தம். நான் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தேன், போன் ஸ்பீக்கரில் கட்டிலில் கிடந்தது. பக்கத்தில் தங்கை.

"நான் எல்லாம் போட்டுப் பாத்தாச்சுட்டி. உன் சம்பளம் ஒரு மாசம் இல்ல. அதுக்கு மேல இந்த டிக்கெட்டு. நம்பர் தள்ளிப் போவும். ஓய்வு மூணு மாசம் பிந்தும், தெரியுமா உனக்கு? மூணு மாசம்!"

"தலைப்பிள்ளையில்லியா" என்றேன். "பிந்தித்தான் வரும்."

 தங்கையின் தோள் முதலில் குலுங்கியது. வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை. "ஐயோ... சிரிக்க வைக்காதக்கா... தையலு இழுக்கு..." என்று ஒரு கையால் வயிற்றைப் பிடித்து, மறு கையால் என் கையை எட்டிப் பற்றி, வலியில் இறுக்கினாள். இறுக்கி, விடாமல் பிடித்திருந்தாள்.

நான் கையை அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்காக நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். ஒரு கோடும் விழவில்லை.